நார்தோல்ட் வீடும் தானாகத் திறந்த கதவும்

சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணி இருக்கும். மனைவிக்கு நைட் டியூட்டி. மகள் மாடியில் தூங்கிவிட்டாள். ஹால் விளக்கை அணைத்துவிட்டு, மடியில் ஒரு கிண்ணம் பொரியோடு பேய் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு பெண் இருட்டு நடையில் மெல்ல நடந்து போகிறாள். அவளுக்குப் பின்னால் ஏதோ நிற்கிறது என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து எங்கள் ஹால் கதவு, கொஞ்சமும் சத்தமில்லாமல், தானாக ஒரு சாண் அளவுக்குத் திறந்தது.

நான் கத்தவில்லை என்று எழுத ஆசைதான்.

காரணம் பேய் இல்லை, கார்ப்பெட். கதவின் அடிப்பாகம் கார்ப்பெட்டில் உரசி நின்றதால் தாழ்நாக்கு சட்டத்தின் குழிக்குள் சரியாக விழவில்லை. பார்க்கச் சாத்தின மாதிரி இருக்கும். ஆனால் அடியில் நசுங்கிக் கிடக்கும் கம்பளி இழைகள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து கதவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் கழித்து, நாம் மறந்திருக்கும் நேரமாகப் பார்த்து, அது ஜெயித்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நான் என்ன நினைத்துக்கொண்டு படுத்தேன் என்பதை மகளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அப்படி நினைத்ததற்கு ஒரு பின்கதை உண்டு. நாங்கள் இருப்பது மேற்கு லண்டனில், நார்தோல்ட்டில். 1930களில் கட்டிய செமி டிடாச்டு வீடு, அதாவது ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. வாங்கின புதிதில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஆபீசில் ஒரு மூத்தவர் சிரித்தார். “பேய் வந்த ஊராச்சே!” 1992 அக்டோபர் 31, ஹாலோவீன் இரவு, பி.பி.சி. ஒன்றில் ‘கோஸ்ட்வாட்ச்’ என்று ஒரு நிகழ்ச்சி போட்டிருக்கிறார்கள். நார்தோல்ட்டில் ஒரு சாதாரண வீட்டில் பேய் நடமாட்டம், அதை நேரலையில் காட்டுகிறோம் என்ற பாவனை. ஸ்டுடியோவில் பிரபல டிவி பேட்டியாளர் மைக்கேல் பார்க்கின்சன், வீட்டுக்குள் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் வரும் சாரா கிரீன். எல்லாம் முன்பே எழுதி, நடித்து, பதிவு செய்தது. ஆனால் தினமும் பார்த்துப் பழகிய முகங்கள் வந்து சொன்னதால் ஏகப்பட்ட பேர் நிஜமென்றே நம்பிவிட்டார்கள். பி.பி.சி. அதற்கப்புறம் அதை மறுஒளிபரப்பு செய்யவே இல்லை.

அதில் எனக்குப் பிடித்த விஷயம் அந்தப் பேயின் பெயர்தான். சுவருக்குள் தட்டுகிற சத்தம் கேட்டுப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அம்மா, “அது தண்ணிக் குழாய் சத்தம்டா” என்று சமாளிக்கிறாள். அதனால் பிள்ளைகள் அந்தப் பேய்க்கு ‘பைப்ஸ்’ என்றே பெயர் வைத்துவிடுகிறார்கள். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எனக்கு இந்தப் பைத்தியம் சின்ன வயதிலிருந்தே உண்டு. திண்டுக்கல் பக்கம் எங்கள் வீட்டில், சன் டிவியில் ‘மர்ம தேசம்’ வந்த காலத்தில், ‘விடாது கருப்பு’ குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்டதும் பாட்டியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வேன். முடிந்ததும் கொல்லைப்புறம் போக ஒருவரை ஒருவர் துணைக்குக் கூப்பிடுவோம். அந்தப் பயத்தில் ஒரு சுகம் இருந்தது. நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஆனால் பக்கத்தில் பாட்டி இருக்கிறாள், அடுப்படியில் பால் கொதிக்கிற வாசனை வருகிறது. இங்கே வந்து பார்த்தால் வெள்ளைக்காரர்களும் இதில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. 1971லிருந்து 1978 வரை பி.பி.சி. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு பேய்க் கதை போட்டிருக்கிறது. 2005லிருந்து அவ்வப்போது அந்தப் பழக்கம் மறுபடி தலைகாட்டுகிறது. நான்கு மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில் வேறென்ன செய்வார்கள்!

சரி, கார்ப்பெட்டுக்கு வருகிறேன்.

நம் ஊரில் தரை என்றால் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது. சிமெண்ட், மொசைக், டைல்ஸ், எதுவானாலும் துடைத்தால் முடிந்தது. அப்படி வளர்ந்தவனுக்குச் சுவரிலிருந்து சுவர் வரை துணியைப் போர்த்தி அதன்மேல் நடப்பது முதலில் ஒப்பவே இல்லை. ஆனால் இந்த லண்டன் வீட்டின் தரைத்தளம் பலகைத் தரை. பலகைக்கு அடியில் காற்றோட்டத்துக்காக வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் அந்தக் காற்று பலகை இடுக்கு வழியாகக் கணுக்காலில் ஏறும். நடந்தால் கிறீச் கிறீச். அத்தை ஊரிலிருந்து வருவதாக இருந்தது. அவர்களுக்கு மூட்டு வலி. ஆகவே 2023 ஜனவரியில் ஹால், பின்கட்டு, மாடிப்படி மூன்றுக்கும் கார்ப்பெட் போடுவது என்று முடிவானது.

கடையில் தேர்ந்தெடுத்தது 80 சதவீதம் கம்பளி, 20 சதவீதம் நைலான் கலந்த ரகம். 50 அவுன்ஸ் கனம் என்றார்கள். மீட்டர் கணக்கில் விற்கிற நாட்டில் இதை மட்டும் ஒரு சதுர கஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் இழை என்று இன்னும் பழைய கணக்கில்தான் பேசுகிறார்கள். அடியில் மெத்தை மாதிரி போட 10 மி.மீ. அண்டர்லே. இரண்டும் சேர்த்து 2,640 பவுண்டு, கிரெடிட் கார்டில் கொடுத்தேன். போடுகிற கூலி 420 பவுண்டு. “அதை ஃபிட்டர் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள், அவர் தனி ஆள்” என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு அப்புறம் நிறைய அனுபவித்தேன்.

போட வந்தவர்கள் இரண்டு பேர். காலை ஒன்பதுக்கு வந்து மதியம் இரண்டுக்கெல்லாம் வேனை எடுத்துவிட்டார்கள். ஐந்து மணி நேரத்தில் மூன்று இடம்! என்ன சுறுசுறுப்பு என்று மனைவியிடம் மெச்சிக்கொண்டேன். கதவை ஏன் சீவவில்லை என்று கேட்டதற்கு, “அது தச்சர் வேலை, எங்கள் வேலை இல்லை” என்றார்கள். அது அநியாயம் இல்லை. இங்கே பல ஃபிட்டர்கள் கதவைத் தொடமாட்டார்கள். கார்ப்பெட்டும் அண்டர்லேயும் சேர்ந்து தரை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்துவிடும் என்பதால் கதவை யார் அறுப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். நான் பேசவில்லை. பேசியிருந்தால் அந்த சனிக்கிழமை பொரி சிதறியிருக்காது.

முதல் வாரம் வீடே புதிதாக மணத்தது. கம்பளிப் பஞ்சு உதிர்ந்தது, வேக்யூம் பை நிறைந்தது. இதைப் பார்த்து நான் பதறினேன், ஆனால் அது குறையே இல்லை. புதுக் கம்பளி சில மாதம் உதிரத்தான் செய்யும். அதே மாதிரி சோபா கால் பதிந்த பள்ளமும் குறை இல்லை. ஒரு ஐஸ் கட்டியை அதன்மேல் வைத்துக் கரையவிட்டு, ஈரம் காய்ந்ததும் விரலால் இழையை நிமிர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

குறை என்பது வேறு. மூன்றாவது வாரம் பின்கட்டில் ஒரு மடிப்பு தெரிந்தது. ஈரப் பாய் சுருண்ட மாதிரி, சுவரிலிருந்து சுவருக்கு ஒரு மேடு. அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. பின்கட்டு ஹாலைவிட அகலம், ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கார்ப்பெட் சுருளின் அகலம் நான்கு மீட்டர். மிச்சத்துக்கு ஒரு துண்டு போட்டு ஒட்டியிருந்தார்கள். அந்தத் துண்டு மட்டும் மாலை வெயிலில் வேறு நிறமாகத் தெரிந்தது. வெல்வெட் துணியை ஒரு பக்கமாகத் தடவினால் பளபளப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் கருப்பு தட்டும் இல்லையா, அதேதான். கார்ப்பெட் இழைக்கும் சாய்கிற திசை உண்டு. ஒட்டுப்போடும் இரண்டு துண்டும் ஒரே திசையில் சாய வேண்டும். இவர்கள் துணி மிச்சம் பிடிக்கத் துண்டைக் குறுக்கே திருப்பிப் போட்டுவிட்டார்கள். அதே ரகம் ஐந்து மீட்டர் அகலத்திலும் வருகிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வெட்டுச் சேதாரம் கூடும், விலை கூடும், ஆனால் ஒட்டே இல்லாமல் முடிந்திருக்கும். பணம் கட்டுவதற்கு முன் எங்கே ஒட்டு வருகிறது, இழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்காமல் போட்டுத் தருவார்.

அத்தை மார்ச்சில் வந்தார்கள். வந்த மறுநாள் காலையே ஹாலுக்கும் நடைக்கும் நடுவில் நின்று, “மாப்பிள்ளை, இங்க ஏதோ முள்ளு இருக்கு” என்றார்கள். வீட்டுக்குள் முள்ளா என்று குனிந்து தடவினால் என் விரலிலும் குத்தியது. கார்ப்பெட்டைப் பிடித்து நிறுத்துவதே சுவரோரம் அடிக்கிற கிரிப்பர் பட்டைதான். ஒல்லியான மரப்பட்டை, அதில் சாய்வாக ஊசி முனைகள். முனைகள் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும், கார்ப்பெட்டை அதன்மேல் இழுத்து மாட்ட வேண்டும். வாசற்படியில் இவர்கள் அடித்த பட்டை மேலே துருத்திக்கொண்டு ஊசி இழைக்கு வெளியே எட்டிப் பார்த்தது. அத்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம். வெளிர் நிறக் கார்ப்பெட்டில் அது இன்னொரு சொட்டு. நான் அதுவரை சோம்பேறித்தனமாகத் தள்ளிப்போட்டது அன்றைக்கு முடிந்தது.

கடைக்குப் போன் செய்தேன். “ஹீட்டிங் அதிகம் வைக்கிறீர்களா?” “செட்டில் ஆகும், பொறுங்கள்.” இந்த ‘செட்டில்’ என்ற வார்த்தையை நம்பாதீர்கள். இழை படியும், பஞ்சு உதிர்வது நிற்கும், நிறம் கொஞ்சம் மாறித் தெரியும். ஆனால் மடிப்பு ஒருநாளும் செட்டில் ஆகாது. மேலே நடக்க நடக்க அது நீளும், முதுகு உடையும், அப்புறம் இழுத்துக் கட்டினாலும் கோடு தெரியும். இழுவை போதுமா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. அறை நடுவில் இரண்டு விரலால் கார்ப்பெட்டைக் கிள்ளித் தூக்குங்கள். சிரமப்பட்டுக் கொஞ்சம் எழுந்து, விட்டதும் டப்பென்று தரையில் போய் ஒட்டினால் சரி. கைப்பிடி அளவுக்குத் துணி எழுந்து வந்தால் அது விரித்த பாய், கட்டின கார்ப்பெட் இல்லை.

கடை, பல போன்களுக்கு அப்புறம், அதே ஃபிட்டரை அனுப்பியது. ‘நீ-கிக்கர்’ என்ற கருவியை வைத்து முழங்காலால் நாலு உதை உதைத்தார், சுவரோரம் துணியைத் திணித்தார், அரை மணியில் போய்விட்டார். மூன்றே வாரத்தில் மடிப்பு திரும்பி வந்தது. பேய் சீரியலில் பூசாரி ஓட்டிவிட்டுப் போன அடுத்த எபிசோடில் அது திரும்பி வருமே, அந்த மாதிரி.

இந்தக் காலகட்டத்தில் ராத்திரியில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. பத்து மணிக்கு ஹீட்டிங் அணைந்ததும் தரைக்கடியிலிருந்து டிக்... டிக்... டிக்... என்று ஒரு சத்தம். கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி கூடி, இருபது நிமிடத்தில் நின்றுவிடும். கார்ப்பெட் போடுவதற்கு முன் இது இருந்ததில்லை. மகள் கேட்டாள், “என்னப்பா அது?” நான் யோசிக்காமல், “பைப் சத்தம்மா” என்றேன். சொன்னதும் எனக்கே முதுகில் சில்லென்றது.

வேடிக்கை என்னவென்றால், அந்த மாதங்களில் எனக்குப் பேய் சீரியல் பார்க்கிற ருசியே போய்விட்டது. டிவியில் வருகிற பயத்துக்கு ஒரு எல்லை உண்டு. ஒன்பது மணிக்கு மேல்தான் வரும், ஒரு மணி நேரத்தில் முடியும், ரிமோட் நம் கையில். காரணம் தெரியாமல் இருப்பதுதான் அங்கே சுகம். காரணத்தை விளக்கிவிட்டால் கதை சப்பென்று ஆகிவிடும். வீட்டுத் தரையில் அது தலைகீழ். காரணம் தெரியாத மேடு, காரணம் தெரியாத சத்தம், இது இரண்டும் சேர்ந்து ஆளைத் தின்றது. திரையில் கதவு திறந்தால் நான் எங்கள் கதவைப் பார்த்தேன். பாதியில் அணைத்துவிட்டு சமையல் நிகழ்ச்சி வைத்துக்கொள்வேன்.

ஜூன் மாதம் கடைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான் வக்கீல் இல்லை, எனக்கு உதவினதைச் சொல்கிறேன். பிரிட்டனில் நுகர்வோர் உரிமைச் சட்டம் 2015 என்று ஒன்று இருக்கிறது. செய்கிற வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், செய்யவில்லை என்றால் திரும்பச் செய்து தர வேண்டும், அது முடியாவிட்டால் விலையில் குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். சிக்கல் எங்கே என்றால், யாரோடு ஒப்பந்தம்? கூலியை ஃபிட்டர் கையில் தனியாகக் கொடுத்ததால் கடை கையை விரித்தது. கிரெடிட் கார்டில் நூறு பவுண்டுக்கு மேல், முப்பதாயிரத்துக்குள் விலை உள்ள பொருள் வாங்கினால் கார்டு கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு என்கிறது 1974ஆம் வருடக் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு. ஆனால் ரொக்கமாகக் கொடுத்த கூலியை வைத்து அதை எப்படிக் கேட்பது?

என்னைக் காப்பாற்றியது ஒரு காகிதம். கடை கொடுத்த ரசீதின் மேல் வரியில் ‘சப்ளை அண்ட் ஃபிட்’, அதாவது பொருளும் தந்து போட்டும் தருவது, என்று அச்சடித்திருந்தது. அளவெடுக்க வந்ததும் கடை ஆள், தேதி குறித்ததும் கடை. இதையெல்லாம் தேதிவாரியாக எழுதினேன். படங்கள் வைத்தேன். மடிப்பைப் படம் எடுக்க ஒரு தந்திரம்: பகலில் எடுத்தால் தெரியவே தெரியாது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகக் கிடத்தி எடுக்க வேண்டும். முகத்துக்குக் கீழே டார்ச் பிடித்துப் பிள்ளைகளைப் பயமுறுத்துவோமே, அதே உத்தி. ஒவ்வொரு மடிப்பும் மலைத்தொடர் மாதிரி நிழல் போடும். பதினான்கு நாளில் பதில் இல்லையென்றால் நீதிமன்றத்தின் சிறு வழக்குகள் பிரிவுக்குக் கொண்டுபோவேன் என்று கடைசியில் எழுதினேன். இங்கிலாந்தில் பத்தாயிரம் பவுண்டு வரை அங்கே போகலாம், வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்பதாவது நாள் கடையிலிருந்து போன். வேறு ஃபிட்டரை வைத்துத் திரும்பப் போட்டுத் தருகிறோம், புது அண்டர்லேயும் எங்கள் செலவு என்றார்கள். பின்கட்டுத் துண்டுக்குப் புதுத் துணி தர மறுத்தார்கள், அதற்குப் பதில் 300 பவுண்டு திருப்பினார்கள். நான் ஒத்துக்கொண்டேன். அந்த நிற வித்தியாசம் இன்றும் இருக்கிறது, சாப்பாட்டு மேசையை அதன்மேல் தள்ளிவிட்டோம்.

வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். முதலில் ஒரு டீ கேட்டார், இரண்டு சர்க்கரை. குடித்துக்கொண்டே அறையைச் சுற்றி ஒரு நடை நடந்தார், குதிகாலால் அங்கங்கே அழுத்திப் பார்த்தார். அப்புறம் மண்டியிட்டு ஒரு மூலையைப் பிடித்து உரித்தார். பேய்ப் படத்தில் கடைசியாக நிலவறைக் கதவைத் திறக்கிற காட்சியைப் பார்ப்பது போல நாங்கள் மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம்.

உள்ளே இருந்தது இது. அண்டர்லே மூன்று ரகம்: நான் காசு கொடுத்த 10 மி.மீ. ஹால் முன்பக்கம் மட்டும், மற்ற இடமெல்லாம் வேறு வீடுகளில் மிஞ்சின துண்டுகள். ஒரு துண்டு தலைகீழாகக் கிடந்தது. அந்த ரகத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டின பக்கம் மேலே இருக்க வேண்டுமாம். துண்டுகள் ஒன்றோடொன்று முட்டி, மேலே டேப் ஒட்டியிருக்க வேண்டும். சில இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறியும், சில இடத்தில் மூன்று விரல் இடைவெளி விட்டும் கிடந்தன. பழைய சொந்தக்காரர் காலத்துக் கிரிப்பர் பட்டையை எடுக்காமல் அதற்குப் பக்கத்திலேயே புதியதை அடித்திருந்தார்கள். பின்கட்டு பிற்காலத்தில் கட்டினது, கான்கிரீட் தரை. அதில் பட்டைக்கு அடித்த ஆணிகள் பாதி வளைந்து படுத்துவிட்டன. பட்டை கையோடு வந்தது. “இதைப் பிடித்துக்கொண்டா கார்ப்பெட் நிற்கும்?” என்று கேட்டுவிட்டு அவர் அதை என் மகளிடம் நீட்டினார், சாட்சிக்குக் கொடுப்பது போல.

அவர் செய்த வேலையை இரண்டு நாள் கூடவே இருந்து பார்த்தேன். கான்கிரீட்டில் பட்டையைப் பசை போட்டு ஒட்டி, ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டார். அந்த ஒரு ராத்திரியை மிச்சம் பிடிக்கத்தான் முந்தையவர்கள் ஆணியோடு விளையாடியிருக்கிறார்கள். பட்டைக்கும் சுவரோரப் பலகைக்கும் நடுவில் கார்ப்பெட்டின் கனத்தைவிடச் சற்றுக் குறைவாக இடம் விட்டார். அந்த இடுக்கில்தான் ஓரத்தைச் செருகுவது. மறுநாள் வேனிலிருந்து பவர் ஸ்ட்ரெச்சர் வந்தது. பார்க்கக் கூடாரக் கம்பி மாதிரி, ஒன்றுக்குள் ஒன்று செருகி நீட்டுகிற குழாய்கள். ஒரு முனை எதிர்ச்சுவரில் முட்டுக் கொடுக்கும், மறுமுனையில் பல் வைத்த தலை கார்ப்பெட்டைக் கவ்வும். நெம்புகோலை அமுக்கினால் எட்டு மீட்டர் துணியும் ஒரே சமயத்தில் நகரும். மடிப்பு கண்முன்னே மறைந்தது. சுவரோரம் மூன்று விரல் அகலத்துக்குத் துணி மிஞ்சி எழுந்தது. அதை வெட்டி எடுத்து, “இதுதான் உங்கள் மேடு” என்றார். முழங்கால் உதை சின்ன அறைக்குப் போதும், இவ்வளவு நீளத்துக்குக் காணாது. நீங்கள் ஃபிட்டரைத் தேடும்போது வேறெதுவும் கேட்க மறந்தாலும் பவர் ஸ்ட்ரெச்சர் கொண்டுவருவீர்களா என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்கிற விதத்திலேயே ஆள் தெரிந்துவிடும்.

மாடிப்படியையும் பிரித்துப் போட்டார். படியில் இரண்டு பட்டை வேண்டும்: மிதிக்கிற பலகையின் உள்மூலையில் ஒன்று, நிற்கிற பலகையின் அடியில் ஒன்று. இரண்டின் ஊசியும் மூலையைப் பார்க்க வேண்டும். எங்கள் படிகளில் பாதிக்கு ஒரே பட்டைதான். படி முனையில் துணி தொளதொளவென்று இருந்தது. அத்தை நாலு மாதம் அதில் ஏறி இறங்கினார்கள் என்பதை நினைத்தால் எந்தச் சீரியலும் எனக்குப் பயமாக இல்லை.

அந்த டிக் டிக் சத்தத்தைச் சொன்னேன். ஹீட்டிங் அணைந்ததும் வருகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரேடியேட்டர் பக்கம் ஒரு பலகையைக் கழற்றினார். செம்புக் குழாய், உத்தரத்தில் வெட்டின காடிக்குள் போகிறது. முந்தையவர்கள் ஆடிக்கொண்டிருந்த பலகையை இறுக்கி ஆணி அடித்ததில் பலகை குழாயின்மேல் உட்கார்ந்துவிட்டது. சூடாறும்போது குழாய் சுருங்கும், மரத்தில் உரசி உரசி விடுபடும், ஒவ்வொரு விடுபடலுக்கும் ஒரு டிக். ஆணி குழாய்க்கு ஒரு விரற்கடை தள்ளி இறங்கியிருந்தது. அதைப் பார்த்து அவரே ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். அப்புறம் அண்டர்லே துண்டைக் குழாய்க்கு அடியில் மெத்தையாகச் செருகிப் பலகையைத் திருகாணியால் மூடினார். ஃபிட்டர் சுத்தியலை எடுப்பதற்கு முன் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடுங்கள். சமையலறையில் பழைய கருப்பு டைல் பதித்த கான்கிரீட் தரை இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. அந்தக் கால டைலிலும் பசையிலும், தூசி மூச்சில் போனால் ஆபத்தான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். இங்கே அதை முழுவதுமாகத் தடை செய்ததே 1999இல்தான். பரிசோதிக்காமல் ஆணி இறக்கக் கூடாது.

அத்தைக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சுவரோரம் மை தீட்டின மாதிரி ஒரு கருங்கோடு, எவ்வளவு பெருக்கினாலும் போவதில்லை. அதையும் கேட்கச் சொன்னார்கள். பலகைக்கடியில் இருந்து வரும் காற்று சுவரோர இடுக்கு வழியாக ஏறும்போது தூசியைக் கார்ப்பெட் வடிகட்டிப் பிடித்துக்கொள்கிறது, அதுதான் கோடு என்றார். பலகைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கை அடைத்துக் கொடுத்தார். வெளிச்சுவரில் உள்ள, ஓட்டை போட்ட காற்றுச் செங்கல்களை மட்டும் அடைத்துவிடாதீர்கள், அடைத்தால் உத்தரம் ஈரத்தில் உளுத்துவிடும் என்று இரண்டு தடவை சொன்னார்.

கடைசியில் படியில் ஏறி இறங்கிப் பார்த்தார். கீழிருந்து நாலாவது படி மட்டும் கிறீச்சிட்டது. “இதையும் திருகாணி போட்டு அமுக்கிவிடவா?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, “வேண்டாம், இருக்கட்டும். ராத்திரி பொண்ணு போனை எடுக்க இறங்கினா தெரியணும்” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே கருவிகளை எடுத்து வைத்தார்.

தச்சர் வந்து கதவை அறுத்ததும் அந்த சனிக்கிழமையே நான் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். கதவு சாத்தினால் சாத்தினபடி நின்றது. பத்து மணிக்கு ஹீட்டிங் அணைந்தது, தரைக்கடியில் ஒரு சத்தமும் இல்லை. திரையில் அந்த வீட்டின் மாடிப்படியில் ஏதோ இறங்கி வருகிறது. எங்கள் வீட்டுப் படியில் யாரும் இறங்கினால் நாலாவது படி சொல்லிவிடும் என்ற தைரியத்தில் நான் டீயைக் கையில் எடுத்தேன்.

நாலாவது படியைத் தாண்டி மிதிக்கப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எத்தனை நாள் வேண்டும்? மூன்று நாள் போதுமாம். காதோரம் “அப்பா” என்று ஒரு குரல் கேட்டதும் டீ முழுக்கக் கார்ப்பெட்டில்.

கம்பளியில் டீ கொட்டினால் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் இழை பிரிந்து கறையும் பரவும். வெள்ளைத் துணியை மடித்து ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், துணி ஈரமானதும் மாற்ற வேண்டும், அப்புறம் கொஞ்சம் பச்சைத் தண்ணீர், மறுபடி ஒற்றல். நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் மண்டியிட்டு ஒற்றிக்கொண்டிருந்தோம். டிவியை யாரும் அணைக்கவில்லை. “அப்பா, அந்தம்மா பின்னாடி நிக்கிறது யாரு?” என்று கேட்டாள். மணி பத்தரை, போய்த் தூங்கு என்று சொல்லியிருக்க வேண்டும்.

“பாரு, இப்ப திரும்பும்” என்றேன்.